இடது பக்கத்து ஒழுக்கம்

ஜாவா ஆட்களை நேர்காணல் செய்யும்போது ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் பத்துப் பதினைந்து வரியில் எழுதச் சொல்வேன். எழுதி முடித்ததும் விடை சரியா என்று பார்ப்பதற்கு முன்னால் என் கண் சமக்குறிக்கு இடது பக்கம் போகும். அங்கே ‘லிஸ்ட்’ என்று இருந்தால் ஆள் பாதி தேறிவிட்டார். ‘அரேலிஸ்ட்’ என்று இருந்தால் எனக்குச் சலிப்புத் தட்டிவிடும். “இன்டர்ஃபேஸுக்குத்தான் கோட் எழுதணும், இம்ப்ளிமென்டேஷனுக்கு இல்ல. கேள்விப்பட்டதில்லையா?” என்பேன். கேள்விப்படாதவர்களும் தலையாட்டுவார்கள்.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஜாவாவில் இன்டர்ஃபேஸ் என்பது என்னென்ன வேலை செய்து தருவேன் என்ற உறுதிமொழி மட்டும். எப்படிச் செய்வேன் என்பது அதில் இருக்காது. ‘லிஸ்ட்’ ஓர் இன்டர்ஃபேஸ். வரிசையாகச் சேர்க்கலாம், இத்தனையாவதைக் கொடு என்று கேட்கலாம், நீக்கலாம். அதை நிஜத்தில் செய்து தரும் கிளாஸ்கள் பல. அரேலிஸ்ட் எல்லாவற்றையும் ஒரே நீள அரேயில் அடுக்குகிறது. லிங்க்ட்லிஸ்ட் ஒவ்வொன்றையும் தனியாக வைத்து, முன்னால் யார், பின்னால் யார் என்று ஒன்றிடம் ஒன்று சொல்லிவைக்கிறது. உபயோகிக்கிறவர் ‘லிஸ்ட்’ என்று மட்டும் எழுதிவைத்தால், பின்னால் இருக்கும் கிளாஸை நாளைக்கு மாற்றினாலும் அவருடைய புரோகிராமைத் தொட வேண்டியதில்லை. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடெஸ் நால்வரும் 1994இல் கொண்டுவந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே இதை விதியாக வைத்தது. ஜோஷுவா பிளாக் 2001இல் ‘எஃபெக்டிவ் ஜாவா’வில் இதற்குத் தனித் தலைப்பே ஒதுக்கினார்.

விதி நல்ல விதி. அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாவே சாட்சி. 1996இல் வந்த முதல் ஜாவாவில் ‘லிஸ்ட்’ கிடையாது. ‘வெக்டர்’ என்ற கிளாஸ்தான். 1998 டிசம்பரில் 1.2 வந்தபோது பிளாக் வடிவமைத்த கலெக்ஷன்ஸ் வந்தது, லிஸ்ட்டும் மேப்பும் வந்தன. அதற்குள் ‘வெக்டர்’ என்று பெயர் சொல்லி எழுதப்பட்டவை எழுதப்பட்டவைதான். திரையில் அட்டவணை காட்டும் ‘டிஃபால்ட்டேபிள்மாடல்’ இன்றைக்கும் தன் தரவை வெக்டருக்குள் வெக்டராகத்தான் திருப்பித் தருகிறது. மாற்றினால் பழைய புரோகிராம்கள் உடையும் என்பதால் அப்படியே கிடக்கிறது.

ஆக, நான் பிரசங்கம் செய்தது தப்பில்லை. எதைப் பிடித்துக்கொண்டு செய்தேன் என்பதில்தான் கோளாறு.

நான் திருப்பி அனுப்பியவர்களில் ஒரு பையன் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறான். மெத்தடின் பாராமீட்டரையே அரேலிஸ்ட் என்று எழுதியிருந்தான். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

“உள்ள இன்டெக்ஸ் வச்சு லூப் ஓட்டறேன் சார். யாராச்சும் லிங்க்ட்லிஸ்ட்டைக் குடுத்துட்டா, ஒவ்வொரு தடவையும் ஓரத்துலேருந்து எண்ணிக்கிட்டு வரும். டேட்டா ஜாஸ்தியா இருந்தா படுத்துடும். அதான் அரேலிஸ்ட்னே கேட்டேன்.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் பதில் சொல்ல முடியாது. நான் தாளில் ‘அடிப்படை பலவீனம்’ என்று எழுதினேன். அவன் சொன்ன சிக்கலுக்காகவே 2002இல் ஜாவா 1.4இல் ‘ரேண்டம்ஆக்ஸஸ்’ என்று ஓர் இன்டர்ஃபேஸைச் சேர்த்தார்கள். அதற்குள் ஒரு மெத்தட்கூடக் கிடையாது. எந்த இடத்தில் இருப்பதையும் சட்டென்று எடுத்துத் தருவேன் என்ற அடையாளம், அவ்வளவுதான். அரேலிஸ்ட்டுக்கு அது உண்டு, லிங்க்ட்லிஸ்ட்டுக்குக் கிடையாது. ஜாவாவின் பைனரி சர்ச், எந்த வழியில் தேடலாம் என்று முடிவு செய்ய அந்த அடையாளத்தையும் பார்க்கிறது. ‘லிஸ்ட்’ என்று சொன்னால் வேகத்தைப் பற்றி ஒன்றும் சொன்னதாகாது என்று ஜாவாவை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பையனுக்கும் தெரிந்திருந்தது. தனக்கு என்ன தேவை என்று யோசித்து, கையில் கிடைத்த வார்த்தையில் அதைச் சொல்லியிருக்கிறான். நான் எழுத்துப்பிழை திருத்துகிறவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

அதே வருஷங்களில் என் சொந்தக் கோட் எப்படி இருந்தது?

டேட்டாபேஸுடன் பேசுவதற்கான ஜேடிபிசி 1997இல் ஜாவா 1.1உடன் வந்தது. கனெக்ஷன், ஸ்டேட்மென்ட், ரிசல்ட்செட் என்று இன்டர்ஃபேஸ்களை ஜாவா வகுத்தது. அவற்றை நிறைவேற்றும் கிளாஸ்களை அந்தந்த டேட்டாபேஸ்காரர்கள் டிரைவராகத் தந்தார்கள். இந்த விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பயிற்சி வகுப்புகளில் நானே படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக நாங்கள் செய்த புராஜெக்ட்டில் ஆரக்கிள். அப்போது அதில் சாதாரண எழுத்துக் கட்டம் ஒன்றில் 4000 பைட்டுக்கு மேல் வைக்க முடியாது. விபத்துக்குள்ளான வண்டியைப் பார்த்து சர்வேயர் எழுதும் குறிப்பு அதைத் தாண்டிவிடும். ‘கிளாப்’ என்ற பெரிய எழுத்து வகையில்தான் போட வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த சுலப வழி, பொதுவான கனெக்ஷனை ஆரக்கிளின் சொந்த கனெக்ஷனாகவே எடுத்துக்கொள் என்று சொல்லி, அதாவது காஸ்ட் செய்து, ஆரக்கிளின் சொந்த கிளாப் கிளாஸைக் கூப்பிடுவது. செய்தேன். மெத்தடின் முதல் வரியில் ‘கனெக்ஷன்’ என்றே இருந்தது, இடது பக்கம் சுத்தம். காஸ்ட் மிகக் கீழே இருந்தது. ரிவ்யூ செய்தவர் அவ்வளவு தூரம் இறங்கி வரவில்லை.

என் மெஷினில் ஓடியது. சர்வரில் போட்டதும் கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன். அப்ளிகேஷன் சர்வர் கனெக்ஷன்களைப் பூலில் வைத்திருக்கும். கேட்டால் அசலைத் தராது. மேலே தன் உறை ஒன்றைப் போர்த்தித்தான் தரும். நாம் க்ளோஸ் சொல்லும்போது நிஜமாக மூடாமல் பூலுக்குத் திருப்பி வாங்கிக்கொள்ள அந்த உறை வேண்டும். உறையும் கனெக்ஷன்தான். இன்டர்ஃபேஸ் சொன்ன அத்தனையையும் செய்யும். அது ஆரக்கிளின் கனெக்ஷன் மட்டும் இல்லை. டிரைவர் மேலும் தப்பில்லை, சர்வர் மேலும் தப்பில்லை; இரண்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றின.

நான் அந்த உறையின் கிளாஸ் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். முதலில் அதற்கு ஒரு காஸ்ட், உள்ளே இருப்பதை உருவி எடுத்து ஆரக்கிளுக்கு இன்னொரு காஸ்ட். மேலே ‘தற்காலிகம்’ என்று ஒரு கமென்ட். ஒரு இம்ப்ளிமென்டேஷனில் மாட்டியிருந்த புரோகிராம் இரண்டில் மாட்டியது. 2006 டிசம்பரில் ஜாவா 6 வந்தபோது, கனெக்ஷன் இன்டர்ஃபேஸிலேயே கிளாப் உருவாக்கும் மெத்தடும், உறையைப் பிரிக்க ‘அன்ராப்’ என்று முறையான மெத்தடும் வந்தன. படித்தேன். டீமுக்கு அதைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பும் எடுத்தேன். என் இரண்டு காஸ்ட்டையும் எடுக்கவில்லை. ஓடுகிற வண்டியில் ஏன் கை வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். ஊருக்கு உபதேசம்.

அடுத்து நேர் எதிர்ப் பக்கம் சாய்ந்தேன். நான் டீம் லீட் ஆனதும் ஒரு சட்டம் போட்டேன்: எந்த கிளாஸுக்கும் ஓர் இன்டர்ஃபேஸ் இருக்க வேண்டும். ‘பாலிசிசர்வீஸ்’ என்று ஒரு இன்டர்ஃபேஸ், ‘பாலிசிசர்வீஸ்இம்ப்ள்’ என்று ஒரு கிளாஸ். ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவது இம்ப்ளிமென்டேஷன் என்றைக்கும் வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு மெத்தடுக்கு ஒரு பாராமீட்டர் சேர்க்க இரண்டு ஃபைலைத் திறக்க வேண்டும். இதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2000இல் ஜாவா 1.3இல் வந்த டைனமிக் ப்ராக்ஸி, இன்டர்ஃபேஸ் இருந்தால்தான் வேலை செய்யும். 2004இல் 1.0 ஆக வெளிவந்த ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க், டிரான்ஸாக்ஷன் போன்ற வேலைகளைச் செருக அந்த ப்ராக்ஸியைத்தான் முதலில் தேடும். இன்டர்ஃபேஸ் இல்லையென்றால் கிளாஸுக்குத் துணை கிளாஸ் உருவாக்கி ஒப்பேற்றும். 2018இல் ஸ்பிரிங் பூட் 2.0 அந்தத் துணை கிளாஸ் முறையையே இயல்பாக்கிவிட்டது. நியாயம் போன பிறகும் என் சட்டம் இருந்தது. சட்டம் போட்டவன் நான் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை.

இதில் சிரிக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. ‘பாலிசிஸ்டோர்’ என்று நானே வகுத்த ஓர் இன்டர்ஃபேஸ். பாலிசியைத் தேடித் தரும் மெத்தட் அதில் என்ன திருப்பித் தருகிறது என்றால், ரிசல்ட்செட். எறியும் எக்ஸெப்ஷன் எஸ்க்யூஎல்எக்ஸெப்ஷன். பெயர் இன்டர்ஃபேஸ், பின்னால் டேட்டாபேஸ் இருப்பது ஊருக்கே தெரியும்படி எழுதியிருக்கிறேன். கூப்பிடுகிறவர்தான் ரிசல்ட்செட்டை மூட வேண்டும், மறந்தால் கனெக்ஷன் பூல் வற்றிவிடும். சில வருஷம் கழித்துக் கிளையன்ட் ஒரு நாள், ஒரு வகை பாலிசிகள் இனி டேட்டாபேஸில் இருக்காது, வெப் சர்வீஸைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மீட்டிங்கில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “கவலையே இல்ல, இன்டர்ஃபேஸ் ரெடியா இருக்கு, இன்னொரு இம்ப்ளிமென்டேஷன் எழுதினா போதும்” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வெப் சர்வீஸ் தரும் எக்ஸ்எம்எல்லை வைத்துக்கொண்டு ஒரு ரிசல்ட்செட்டை எங்கிருந்து கொண்டுவருவது? ரிசல்ட்செட் இன்டர்ஃபேஸில் நூற்றுக்கும் மேற்பட்ட மெத்தடுகள். அதை நிறைவேற்றுவதாகப் பாசாங்கு செய்யும் கிளாஸ் ஒன்றை எழுதினேன். நாலைந்து மெத்தட் நிஜம். மற்றதெல்லாம் ‘அன்சப்போர்ட்டட்’ என்று எக்ஸெப்ஷன் எறியும். சேர்ந்து எழுதிய நண்பர், “இது நல்லாருக்குமா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். மீட்டிங்கில் விட்ட சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நல்லாருக்கும் என்றேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் இரண்டு பேர் சேர்ந்தால் இப்படிச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். நான் ஒப்புக்கொள்ள வேண்டியது வேறு.

எங்கள் கிளையன்ட் அந்தக் காப்பீட்டு நிறுவனம்தான். தினமும் இரவு அவர்கள் கணக்குப் பிரிவுக்கு ஒரு ஃபைல் போக வேண்டும். காற்புள்ளியால் பிரித்த சாதாரண ஃபைல், ஒரு பாலிசிக்கு ஒரு வரி. பாலிசி எண், பெயர், தேதிகள் வரைக்கும் ஒவ்வொன்றாக எழுதினேன். அதற்குப் பிறகு நான்கு தொகைகள்: பிரீமியம், சேவை வரி, தள்ளுபடி, ஏஜென்ட் கமிஷன். அந்த நான்கையும் ஒரு மேப்பில், பெயர் சாவியாகவும் தொகை அதன் மதிப்பாகவும், போட்டு, மேப்பைச் சுற்றி வந்து, வந்த வரிசையில் எழுதிவிட்டேன். இடது பக்கம் ‘மேப்’, வலது பக்கம் ‘ஹேஷ்மேப்’. பிஎம்டி என்று ஒரு சரிபார்க்கும் கருவி ஓட்டுவோம். அரேலிஸ்ட், ஹேஷ்மேப் என்று இடது பக்கம் எழுதினால் கண்டுபிடித்துக் கத்தும். என் ஃபைலில் அது வாயே திறக்கவில்லை. திறக்கவும் காரணமில்லை. அது பார்ப்பதும் இடது பக்கத்தைத்தான்.

ஹேஷ்மேப் வரிசைக்கு எந்த உத்தரவாதமும் கொடுப்பதில்லை. அதன் ஆவணத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது, இன்றிருக்கும் வரிசை நாளைக்கு இருக்கும் என்றுகூட எதிர்பார்க்காதே என்று. உள்ளே, தனியாகச் சொல்லாவிட்டால், 16 பெட்டிகளோடு தொடங்கும். சாவியின் ஹேஷ் எண்ணைக் கொஞ்சம் கலக்கி, எந்தப் பெட்டி என்று முடிவு செய்யும். சுற்றி வரும்போது முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை போகும். எழுத்துச் சரத்தின் ஹேஷ் மாறாது, கலக்கும் விதமும் ஒரே ஜாவாவில் மாறாது. அதனால் என் நான்கு சாவிகளும் தினமும் ஒரே வரிசையில் வந்தன. நான் எழுதிய வரிசையில் இல்லை. வரி முதலில், பிரீமியம் அடுத்து என்று ஏதோ ஒரு வரிசை. தலைப்பு வரியையும் அதே மேப்பைச் சுற்றித்தான் எழுதினேன், ஆகையால் ஃபைலைத் திறந்து பார்த்தால் எல்லாம் பொருந்தியிருந்தது. மாதிரி ஃபைல் அனுப்பினோம். கிளையன்ட் பக்கத்தில் இருந்தவர் தலைப்பு வரியைத் தள்ளிவிட்டு, இத்தனையாவது இடத்தில் வரி, இத்தனையாவது இடத்தில் பிரீமியம் என்று எண்ணைக் கணக்கு வைத்து அவர் புரோகிராமை எழுதிக்கொண்டார். ஹேஷ்மேப் தன் வயிற்றுக்குள் செய்துகொண்ட ஒரு கணக்கு, இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே ஒப்பந்தமாகிவிட்டது. யாரும் கையெழுத்துப் போடவில்லை.

இதற்கு நான் டெஸ்ட்டும் எழுதியிருந்தேன். அது இன்னும் மோசம். ஃபைலில் வரும் வரி எப்படி இருக்க வேண்டும் என்பதை டெஸ்ட்டுக்குள்ளும் ஒரு ஹேஷ்மேப்பைச் சுற்றித்தான் கட்டியிருந்தேன். ஹேஷ்மேப் எப்படி மாறினாலும் டெஸ்ட்டும் கூடவே மாறும். என்றைக்கும் பச்சை.

மாறவும் செய்தது. 2011 கடைசியில் ஒரு தாக்குதல் முறை வெளியே வந்தது. ஒரே பெட்டியில் விழும்படி ஆயிரக்கணக்கான சாவிகளைத் தயாரித்து அனுப்பினால், அந்தப் பெட்டியில் நீளச் சங்கிலி உருவாகி, ஒவ்வொரு தேடலும் அதன் நெடுகிலும் நடக்க வேண்டியிருக்கும். சர்வர் மூச்சுத் திணறும். ஜாவா 7இன் ஓர் அப்டேட்டில் வேறொரு ஹேஷ் முறையைக் கொடுத்துச் சமாளித்தார்கள். 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8 வேறு வழி எடுத்தது: ஒரு பெட்டியில் சங்கிலி 8ஐத் தாண்டினால், அட்டவணையும் போதிய அளவு பெரிதாக இருந்தால், சங்கிலியைச் சமநிலை மரமாக மாற்றிவிடும். மரம் இருக்கும் தைரியத்தில், ஹேஷைக் கலக்கும் கணக்கைச் சுருக்கிவிட்டார்கள். மேல் 16 பிட்டைக் கீழ் 16 பிட்டோடு சேர்ப்பதோடு சரி. நல்ல வேலை. யாருக்கும் கொடுத்த வாக்கை மீறவில்லை. என் நான்கு சாவிகள் மட்டும் பெட்டி மாறின.

ஜாவா 7க்குப் பொது அப்டேட்கள் 2015 ஏப்ரலோடு நின்றன. எங்களையும் 8க்கு மாறச் சொன்னார்கள். அந்த வேலையை டீமில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர், ஆனால் வேலை சுத்தம். எந்த லைப்ரரி 8இல் ஓடும், எது ஓடாது என்று பட்டியல் போட்டார், எல்லா டெஸ்ட்டையும் இரண்டு ஜாவாவிலும் ஓட்டினார். எல்லாம் பச்சை. ப்ரொடக்ஷனுக்குப் போனது.

சில நாளில் கிளையன்டின் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. அப்போது சேவை வரி 14 சதவீதம். 8,000 ரூபாய் பிரீமியம் என்றால் 1,120 ரூபாய் வரி. அவர்கள் திரையில் ஒரு பாலிசிக்கு பிரீமியம் 1,120, வரி 8,000 என்று நிற்கிறது. நான்குமே எண்கள் என்பதால் அவர்கள் புரோகிராம் மறுப்பில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பிரீமியத்தைவிட வரி பெரிதாக இருப்பதை அங்கே ஒரு குமாஸ்தாவின் கண் பிடித்திருக்கிறது.

அந்தப் பெண் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். அந்த நான்கு சாவிகளை மட்டும் வைத்துக் குட்டி புரோகிராம் ஒன்று எழுதி, 7இலும் 8இலும் ஓட்டி, லேப்டாப்பை என் மேசைக்கே தூக்கிக்கொண்டு வந்தார். திரையில் இரண்டு வரி, இரண்டு வரிசை.

“அண்ணா, ஹேஷ்மேப் ஆர்டர் மாறியிருக்கு. லிங்க்ட்ஹேஷ்மேப்னு மாத்திட்டு, நமக்கு வேண்டிய ஆர்டர்ல போட்டுட்டா போதும். டெஸ்ட்டையும் மாத்தணும்.” கொஞ்சம் நிறுத்தி, “இந்த கிளாஸ் ஹிஸ்டரி பாத்தேன்...” என்று இழுத்தார்.

ஹிஸ்டரியில் என் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது. நான் இடைமறித்தேன்.

“சரிம்மா, நீ ஃபிக்ஸ் பண்ணிடு. கிளையன்டுக்கு மெயில் நான் போட்டுக்கறேன்.”

மெயில் எழுத நேரம் எடுத்துக்கொண்டேன். ஜாவா 8 அப்கிரேடைத் தொடர்ந்து ஃபைலில் தொகைகளின் வரிசை மாறியது. அப்கிரேடின்போது இந்த ஃபைலின் வரிசை தனியாகச் சரிபார்க்கப்படவில்லை. திருத்தம் இன்றே போகிறது. இனிமேல் அப்கிரேடுகளில் இதற்கென்று ஒரு சரிபார்ப்பு சேர்க்கப்படும். ஒவ்வொரு வாக்கியத்தையும் கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்லலாம், ஒன்றுகூடப் பொய் இல்லை. படித்து முடித்தால் தப்பு செய்தது அப்கிரேட் செய்தவர்தான். மேனேஜருக்கு நகல் போட்டேன். அந்தப் பெண்ணுக்கும் போட்டேன். அதையும் யோசித்துத்தான் செய்தேன். நகல் வராமல் இருந்தால் பின்னால் யாராவது சொல்லிக் கேள்விப்பட்டுக் கேட்பார். நகல் வந்தால் கேட்க மாட்டார். கேட்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலாவது பயத்தில் செய்தது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த வருஷ அப்ரைசலில் மேனேஜர் அந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டுக் கேட்டார். ‘மாற்றங்களின் பின்விளைவுகளைக் கவனிப்பதில் முன்னேற்றம் தேவை’ என்று நான்தான் டைப் செய்தேன். அந்தப் பெண் அறையில் எதிரே உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, “ஓகே அண்ணா” என்றார். ரேட்டிங் ஒரு படி குறைந்தது, சம்பள உயர்வும் அதற்கேற்பக் குறைந்தது. பிறகு வேறு இடம் போய்விட்டார்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தால், பயத்தைவிட வேறு ஒன்று முன்னால் நிற்கிறது. இன்டர்ஃபேஸ் என்றால் டீமில் நான்தான். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் கழிப்பதும் அதை வைத்துத்தான். அந்த ஃபைலில் தப்பு நடந்தது எப்படி என்று ஒருவர் விளக்கிச் சொன்னால், இடது பக்கம் ‘மேப்’ என்று சுத்தமாக எழுதிவிட்டு, மேப் சொல்லாத ஒன்றை, ஹேஷ்மேப்பும் சொல்லாத ஒன்றை, நம்பி இரண்டு நிறுவனங்களின் கணக்கை ஓட்டினேன் என்று ஆகிறது. காஸ்ட் செய்து மாட்டியதாவது கண்ணுக்குத் தெரிகிற மீறல். இதில் ஒரு இடத்தில்கூட விதியை மீறவில்லை. விதி எதற்காக இருக்கிறதோ அதை மட்டும் மீறியிருக்கிறேன். அரேலிஸ்ட் எழுதிய அந்தப் பையன் தன் தேவை என்ன என்று தாளில் எழுதிக் காட்டினான். எனக்கு வரிசை தேவைப்பட்டது. அதை நான் எங்கேயும் எழுதவில்லை. இடது பக்கத்திலும் இல்லை, வலது பக்கத்திலும் இல்லை, டெஸ்ட்டிலும் இல்லை.

நேர்காணலில் அந்தக் கேள்வியை இப்போது கேட்பதில்லை. திருந்தியதால் என்று சொல்ல ஆசைதான். 2018 மார்ச்சில் ஜாவா 10 ‘வார்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மெத்தடுக்குள் இடது பக்கம் வகையின் பெயரையே எழுத வேண்டாம். வலது பக்கம் அரேலிஸ்ட் என்று இருந்தால் கம்பைலர் அதை அரேலிஸ்ட்டாகவே எடுத்துக்கொள்ளும். என் கேள்வி அன்றோடு செல்லாக்காசு.

லிங்க்ட்ஹேஷ்மேப் 2002இலிருந்தே இருக்கிறது. போட்ட வரிசையில் திருப்பித் தரும். அந்தப் பெண் செய்த திருத்தம் அதுதான், இன்றுவரை அந்த ஃபைல் ஒழுங்காகப் போகிறது. ஆனால் தொகைகளைத் தயாரித்துத் தரும் மெத்தட் இப்போதும் ‘மேப்’ என்றுதான் திருப்பித் தருகிறது. உள்ளே லிங்க்ட்ஹேஷ்மேப் இருப்பது தற்செயல் இல்லை என்று வெளியே யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒருவர் அதைப் பார்த்து, எதற்கு இத்தனை வரி, ஜாவா 9இல் வந்த ‘மேப்.ஆஃப்’ போட்டால் ஒரே வரியில் முடிகிறதே என்று மாற்றலாம். அப்படி உருவாகும் மேப்பை, ஜாவா ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் வெவ்வேறு வரிசையில் வரும்படி வேண்டுமென்றே எழுதியிருக்கிறார்கள். வரிசையை யாரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காக. என் போன்றவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்ச் செய்த ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அன்றைக்கு வரியும் பிரீமியமும் ஒரு நாள் சரியாகவும் ஒரு நாள் மாறியும் போகும்.

இதற்கு மருந்தும் வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21இல் ‘சீக்வென்ஸ்ட்மேப்’ என்று ஓர் இன்டர்ஃபேஸ் இருக்கிறது. வரிசை உண்டு என்று சொல்வதற்கென்றே வந்தது. லிங்க்ட்ஹேஷ்மேப் அதை நிறைவேற்றுகிறது, மேப்.ஆஃப் தருவது நிறைவேற்றாது. மெத்தட் திருப்பித் தரும் வகையில் ‘மேப்’பை அடித்துவிட்டு அதை எழுதினால், எவராவது மாற்ற முயலும்போதே கம்பைலர் பிடித்துவிடும். நாங்கள் 21க்கு மாறியாகிவிட்டது. ஒரு வார்த்தைத் திருத்தம். நான் இன்னும் செய்யவில்லை. செய்தால் கமிட்டில் காரணம் எழுத வேண்டும், பழைய டிக்கெட் எண்ணைக் குறிப்பிட வேண்டும். அந்த டிக்கெட்டைத் திறந்தால் முதலில் இருப்பது என் மெயில்.